அரிசி மில்லின் சுதி

திண்டிவனத்தில் அண்ணன் அரிசி மில் தொழில் கற்றுக்கொண்டிருக்கிறான் என்றுதான் அந்த நாட்களில் எங்கள் வீடு நம்பியது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாக அவனுடைய சட்டை இருந்தது. மாலை ரயிலில் விழுப்புரத்தில் வந்து இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நடந்தே வீட்டுக்கு வருவான். வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவான். அம்மா அதை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய், தோள் இரண்டையும் பிடித்து, ஈரத்துணியை உதறுவது போல ஓங்கி உதறுவாள். தவிடு பறக்கும். பின்வாசலில் எரிந்த குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில் அது உடனே தரைக்கு இறங்காமல் சற்று நேரம் அங்கேயே நிற்கும். சட்டை அம்மாவின் கையில் இருக்க, சட்டைக்குள் இருந்த ஆள் மட்டும் தூளாகி அந்தரத்தில் நிற்பது போல எனக்குத் தோன்றும். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயது எனக்கு. அப்படித் தோன்றியதற்கு அன்றைக்கு ஒரு பொருளும் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மதில் ஓரமாக எட்டிப் பார்த்து, "இன்னா பெரிம்மா, மில்லையே வூட்டுக்குக் கொண்டாந்துட்டானா?" என்பாள். "வேல கத்துக்கினு வர்றான்டி. தவிடு ஒட்டாம வேல வருமா?" என்பாள் அம்மா. அந்தப் பதிலில் இருந்த பெருமிதத்தை நாங்கள் யாரும் சந்தேகித்ததில்லை.

அப்பாவுக்கு வளவனூர்ப் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. விளைந்த நெல்லை அவித்துக் காயவைத்து, பிறகு இன்னொருவருடைய மில் வாசலில் மூட்டை மேல் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருப்பது அவருக்கு ஆகாத வேலை. சாலையோரமாகச் சின்னதாக ஒரு ஹல்லர் மில், நெல் அரைக்கும் மிஷின் ஒன்றோடு, போட்டுவிட்டால் போதும் என்பதுதான் அவருடைய ஆசை. பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்த அண்ணன், கல்லூரிச் சிநேகிதன் ஒருவனுடைய அப்பா திண்டிவனத்தில் மில் வைத்திருப்பதாகவும், அங்கே போய்த் தொழில் கற்றுக்கொள்வதாகவும் சொன்னபோது அப்பா அன்றைக்கே சரி என்றுவிட்டார். சிநேகிதன் உண்மை. மில்லும் உண்மை. அண்ணன் அங்கே தினமும் போனதும் உண்மை. அங்கே அவன் செய்த வேலை மட்டும் வேறு.

மில்லுக்குப் பின்னால் உமி கொட்டிவைக்கும் ஒரு கொட்டகை இருந்தது. அதில்தான் அண்ணனும் இன்னும் மூவரும் ராக் வாசித்தார்கள். முதலாளியின் மகன், எங்கள் வீட்டில் பின்னாளில் 'மில்லுக்காரப் பிள்ளை' என்று மட்டுமே குறிப்பிடப்பட்டவர், கல்யாண பேண்டு செட் ஒன்றிலிருந்து கழித்துப் போட்ட டிரம்களைச் சேர்த்துக் கட்டி அடித்தார். சர்ச்சில் கிட்டார் கற்ற ஒருவரும், அவரிடம் பேஸ் கற்ற இன்னொருவரும் உண்டு. பாடியது அண்ணன், பாடிக்கொண்டே இன்னொரு கிட்டாரும் மீட்டுவான். தங்களுக்கு 'உமி' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். மில் முதலாளி அவர்களுக்குக் கொட்டகையைக் கொடுத்ததோடு ஒரே ஒரு நிபந்தனையையும் விதித்திருந்தார். "மோட்டாரு ஓடற வரைக்கும் அடிச்சிக்கோங்க. மோட்டாரு நின்னா நீங்களும் நிக்கணும். ஊரு காதுல உழுந்தா நாளைக்கி ஒருத்தன் நெல்லு கொண்டாற மாட்டான்." மோட்டாரின் இரைச்சலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு வாசித்த குழு அது. அவர்களுடைய பாடல்களின் நீளத்தை மேல் தொட்டியில் கொட்டிய நெல் தீர்மானித்தது. நெல் தீர்ந்து மோட்டார் நிற்கும்போது பாட்டும், எந்த வரியில் இருந்தாலும், வெட்டியது போல நிற்கும். அப்படியே பழகிப்போய் மேடையிலும் அப்படித்தான் முடித்தார்கள். பின்னாளில் இதைப் புதுமை என்று சிலர் எழுதினார்கள்.

இன்னொன்றும் அந்த மில் அவர்களுக்குத் தந்தது. மோட்டாருக்கென்று ஒரு ரீங்காரம் உண்டு. விடாமல் ஒரே இடத்தில் நிற்கும் தம்புரா போல. சர்ச் ஆர்மோனியத்தில் சுதி பார்த்துக் கொண்டுவந்த கிட்டார்கள் அதோடு உரசின. மோட்டாரோடு சண்டை போட முடியாது என்பதால் எல்லாக் கம்பிகளையும் மோட்டாரின் சுதிக்கே இறக்கிக்கொண்டார்கள். மாலை நேரங்களில் சுற்றுவட்டாரத்துக் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஓடத் தொடங்கும்போது மின்சாரம் தளரும். மில்லின் ரீங்காரமும் மயிரிழை தாழும். அவர்களும் கூடவே தாழ்ந்தார்கள். ஆர்மோனியத்தின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே, எந்தக் கட்டையிலும் உட்காராத ஒரு சுதி அது. உலகத்தில் வேறு எந்தக் குழுவுக்கும் அந்தச் சுதி இருந்திருக்காது. அதைக் கேட்டு வளர்ந்த என் காதுக்கு மற்றக் குழுக்கள் எல்லாம் கொஞ்சம் மேலே நிற்பது போலவே இன்றும் கேட்கிறது.

எனக்கு இது தெரியவந்தது அப்பாவால். "புள்ள கத்துக்கினத நானும் ஒரு தரம் பாக்கணும்ல" என்று சொல்லி, ஒரு விடுமுறை நாளில் இரண்டு மூட்டை நெல்லைத் தெரிந்தவர் டெம்போவில் ஏற்றிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் புறப்பட்டுவிட்டார். புருவம்வரை தவிடு படிந்திருந்த மில் முதலாளி எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்து, பின்பக்கம் திரும்பி, "டேய், அவுங்க அப்பா வந்திருக்காரு, வந்து மிஷினப் புடிக்கச் சொல்லு" என்று கத்தினார். அண்ணன் ஓடிவந்தான். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தினமும் செய்கிறவனைப் போல ஹல்லரின் கத்தியை முறுக்கினான். முறுக்கிய முறுக்கு அதிகம். கீழே விழுந்ததெல்லாம் உடைந்த நொய். அப்பா ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏண்டா, இத அரிசின்னு சொல்லி உங்கம்மாகிட்ட குடுக்கவா, கோழிக்குன்னு குடுக்கவா?" மில் முதலாளிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, உங்க புள்ள அந்தக் கத்திய இன்னிக்கிதான் தொடறான்" என்று உடைத்துவிட்டார்.

அடுத்து என்ன நடக்கும் என்று நான் பயந்து நின்றது நினைவிருக்கிறது. அப்பா கோபக்காரர் இல்லை, ஆனால் ஏமாற்றப்பட்டவர். "அப்ப இத்தன நாளா இன்னாதான் கத்துக்கின?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் கொட்டகையைக் காட்டினான். மோட்டார் ஓடினால்தானே வாசிக்க முடியும். அதனால் இரண்டாவது மூட்டையை முதலாளியே தொட்டியில் கொட்டி, கத்தியைச் சரிசெய்து ஓட்டினார். உமிக்குவியலின் ஓரத்தில் காலி சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு அப்பா உட்கார்ந்தார். அண்ணன் பாடத் தொடங்கியபோது அவனுடைய வாயைத்தான் நான் பார்த்தேன். வீட்டில் எங்களோடு சாப்பிடுகிற, என்னைக் கேலி செய்கிற அதே வாயா என்று இருந்தது. எங்கள் ரயில்பாதையில் இருக்கும் பேரணி என்ற சின்ன ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் வண்டிகள் நிற்பதில்லை. அங்கே தினமும் வந்து ஒரு எக்ஸ்பிரஸுக்குக் கையாட்டும் ஒருவனைப் பற்றிய பாட்டு அது. வண்டிக்குள் யார் இருக்கிறார் என்று பாட்டில் சொல்லப்படவில்லை. கூரைத் தகரம் அதிர்ந்தது. உமி மேலிருந்து கீழே சரிந்துகொண்டே இருந்தது. திடீரென்று எல்லாம் நின்றது. அப்பா சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "மீதிப் பாட்டு?" என்றார். "நெல்லு தீந்துபோச்சுப்பா" என்றான் அண்ணன். அப்பா எழுந்து வேட்டியில் ஒட்டிய உமியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அடுத்த தடவ மூணு மூட்டையா கொண்டாறேன்."

திரும்பும் வழியில் விக்கிரவாண்டியில் வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்கு வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, வாங்கிக் கொடுத்தார். "உங்கம்மாகிட்ட சொல்லாத பாப்பா. மில்லு வெக்கப்போறான், மில்லு வெக்கப்போறான்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. அவளுக்குத் தாங்காது." நான் சொல்லவில்லை. நொய்யை அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். மில்லில் ஏதோ பழுது என்று அப்பா சொன்னதற்குத் தலையாட்டினாள். அதன் பிறகு வெகுநாட்கள் எங்கள் வீட்டில் நொய்க் கஞ்சிதான். அப்பாவும் அண்ணனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் குடித்தோம். மூவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம் அந்தக் கஞ்சியில் மிதந்துகொண்டிருந்ததாக எங்களுக்கு நினைப்பு. அப்பா மூன்றாவது மூட்டையைக் கொண்டுபோகவே இல்லை. அதற்குள் 'உமி' ஒரு கேசட் வெளியிட்டிருந்தது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் சில கடைகளில் கிடைத்தது. அப்பா அதை வேட்டி மடிப்புகளுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அம்மா கோயிலுக்குப் போகும் வெள்ளிக்கிழமைகளில் எடுத்துப் போட்டுக் கேட்போம்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அண்ணனுக்குக் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், பத்தியம் வைத்தார்கள். கண்ணின் மஞ்சள் இறங்காமல் புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். வார்டு வாசலில் மில்லுக்காரப் பிள்ளையும் மற்ற இருவரும் நாளெல்லாம் நின்றார்கள். நான் உள்ளே போகும்போதும் வரும்போதும் அவர்களுடைய கண்கள் என் முகத்தில் எதையோ தேடும். ஒரு விடியற்காலையில் நான் வெளியே வந்தபோது அவர்கள் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

காரியம் முடிந்த அன்று மூவரும் வீட்டுக்கு வந்து, விற்காமல் இருந்த கேசட்டுகளை ஒரு துணிப்பையில் கட்டி அம்மாவின் முன்னால் வைத்தார்கள். என்ன சொல்லி வைத்தார்கள் என்று நினைவில்லை. எதையும் சொல்லியிருக்க முடியாது. அம்மா அந்தப் பையை எடுத்துப் போய், நெல் அவிக்கும் பெரிய அடுப்பில் போட்டாள். அப்பா ஒளித்து வைத்திருந்த கேசட்டையும், எங்கே இருக்கிறது என்று கேட்காமலே போய் எடுத்துவந்து அதில் போட்டாள். பிளாஸ்டிக் உருகிய அந்த நாற்றம் வீட்டைவிட்டுப் போக நாளானது. பிறகு அவர்களிடம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அந்த மில்லுத் தண்ணிதான் எம்புள்ளைய கொண்டுபோச்சி. அவன் கொரல வெச்சிக்கினு நீங்க பொழைக்கக் கூடாது. அவன் கொரலு இனிமே எங்கயும் கேக்கக் கூடாது." அதே தண்ணீரைக் குடித்த மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காமாலை எங்கிருந்து வந்தது என்று எந்த மருத்துவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவிடம் இதை யார் சொல்வது? அந்த மூவரும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். கடை கடையாக ஏறி இறங்கி மிச்சக் கேசட்டுகளை எல்லாம் திரும்ப வாங்கிவிட்டார்கள் என்று பின்னர் கேள்விப்பட்டேன்.

வாக்கு என்பதை இவ்வளவு முழுமையாகக் காப்பாற்றியவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. புதுச்சேரிக்குப் போனார்கள், ஸ்டுடியோக்களில் வாசித்தார்கள், கிட்டார்க்காரர் பாடத் தொடங்கினார், பெயர் பெற்றார்கள். அந்த முதல் கேசட்டின் ஒரு வரியைக்கூட எந்த மேடையிலும் திருப்பிப் பாடவில்லை. விழுப்புரத்தில் ஒருமுறையும் வாசிக்கவில்லை. நான் படித்து, திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் வேலைக்கு வந்தேன். அண்ணன் போய்வந்த அதே ரயில்பாதையில் போய்வருகிறேன். அவர்களுடைய ஒவ்வொரு ஆல்பத்தையும், கேசட்டாக இருந்த காலத்திலும் சி.டி.யாக இருந்த காலத்திலும் வெளிவந்த வாரமே வாங்கினேன். இப்போது போனில் கேட்கிறேன். நெடுநாள் ரசிகர்கள் ஒரு குழுவின் புதிய பாட்டைத் தங்கள் இளமையோடு ஒப்பிட்டுக் குறை சொல்வார்கள். நான் அந்தக் குழுவில் இல்லாத ஒருவனைக் கேட்பதற்காகவே இத்தனை ஆண்டுகள் அந்தக் குழுவைக் கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டில் கிட்டார் ஓய்ந்து டிரம் மட்டும் நடக்கும் இடம் வந்தால், இங்கே அவன் நுழைந்திருப்பான் என்று மூச்சை நிறுத்திக்கொள்வேன். யாரும் நுழைவதில்லை. சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவன் ஒருவன் 'உமி' என்று எழுதிய டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தான். நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "மேம், இந்த பேண்டெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?" என்றான். கொஞ்சம் தெரியும் என்றேன். "இவங்க ஃபர்ஸ்ட் கேசட்டு மட்டும் உலகத்துல யார்கிட்டயும் இல்ல மேம். செம்ம மிஸ்டரி" என்றான். எரிந்துபோன பிளாஸ்டிக்கின் வாடை எனக்கு அந்த வகுப்பறையில் வந்தது.

அவர்களுடைய புதிய ஆல்பம் இந்த ஆண்டு வெளிவந்தது. அதற்கு 'மூன்றாவது மூட்டை' என்று பெயர். விவசாயிகளின் துயரத்தைச் சொல்லும் தலைப்பு என்று இணையத்தில் ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை அறிந்தவர்களில் அப்பா இப்போது இல்லை. நான் அந்தப் பெயரைப் போனில் பார்த்துவிட்டு, ரயில் முண்டியம்பாக்கம் தாண்டும்வரை வேறெதையும் பார்க்கவில்லை.

ஒன்பது பாடல்களையும் பலமுறை கேட்டேன். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அவர்கள் செய்தவற்றில் இதுவே மிகத் தேர்ந்தது. கிட்டார்க்காரரின் குரலில் வயது துருவைப் போல ஏறியிருக்கிறது. அதை மறைக்காமல் பாடியிருக்கிறார். பண்டிகைக்கு ஊர் திரும்பும் கார்கள் விக்கிரவாண்டிச் சுங்கச்சாவடியில் நகராமல் நிற்பதைப் பற்றிய பாட்டில், பேஸ் ஒரே சுரத்தில் நின்று பொறுமை இழப்பதைக் கேட்டுத் தனியாகச் சிரித்தேன். டிரம்மில் முன்பிருந்த அவசரம் இல்லை. அடிக்காமல் விடும் இடங்களில்தான் அவருடைய திறமை இப்போது இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு பாட்டும் முடியும்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பாடல்கள் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைகின்றன. எதுவும் வெட்டுப்பட்டு நிற்பதில்லை. சுதி எல்லாம் கட்டையில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. அடியில் எந்த மோட்டாரும் ஓடவில்லை. யாரிடமிருந்தும் ஒளிய வேண்டியிராதவர்களின் இசை அது. நன்றாக வாழ்ந்துவிட்டவர்களைப் பார்த்து, நன்றாக வாழ்ந்துவிட்டீர்களே என்று குறைப்பட்டுக்கொள்வது என்ன நியாயம்? அப்படியும் குறைப்பட்டேன்.

சில நாட்கள் கழித்து மில்லுக்காரப் பிள்ளை கூப்பிட்டார். மாலையில் திண்டிவனம் பிளாட்பாரத்தில் என் ரயிலுக்கு முன்பாக வந்து நின்றார். தலை முழுக்க நரை. இருவரும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். மில் இருந்த இடம் மனைகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டது என்றார். அவருடைய அப்பா, அந்த மில் முதலாளி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் போய்விட்டார் என்றார். பிறகு, "பாப்பா, ஆல்பத்துல பத்தாவதா ஒண்ணு இருக்குது. இன்னும் வெளிய வுடல" என்று சொல்லிவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் ஒருநாள் டேப் ரிக்கார்டரில் பதிந்த ஒரே ஒரு டேப் அவரிடம் தங்கிவிட்டிருக்கிறது. "அழிக்க மனசு வரல. அம்மா வெளிய கேக்கக் கூடாதுன்னாங்க. நாங்க உள்ளயும் கேக்கல. அப்பா போனப்புறம் அவரு கொரலு எங்கியாச்சும் இருக்குதான்னு தேடிக்கினு இருந்தேன். போனுல இல்ல, கல்யாண வீடியோவுல இல்ல. இந்த டேப்புலதான் இருந்திச்சி. எங்கள திட்டிக்கினு." அந்த டேப்பில் இருந்த அண்ணனின் குரலோடு மூவரும் இப்போது புதிதாக வாசித்துச் சேர்த்திருக்கிறார்கள். "மொதல்ல அவன் சுதிய மேல ஏத்திப் பாத்தோம். கம்ப்யூட்டருல ஏத்தலாம், ஒரு நிமிஷ வேல. ஏத்துனா அது அவன் இல்ல பாப்பா, எவனோ. அதனால நாங்க மூணு பேரும் எறங்கிட்டோம். கம்பியெல்லாம் அந்த மோட்டாருக்கு எறக்குனோம்." அம்மா கேட்டுவிட்டு வேண்டாம் என்றால் பாட்டையும் டேப்பையும் என் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். "இன்னொரு தபா கேக்க மாட்டோம். ஆனா அவங்க இருக்கறப்பவே கேட்டுடணும்னு தோணிச்சி. அவங்களுக்கும் வயசாவுது, எங்களுக்கும் ஆவுது."

பாட்டு என் போனுக்கு வந்து சேர்ந்தபோது ரயிலும் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குள் அவன் இருந்தான். கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அம்மாவுக்கு முன்னால் அந்தக் குரலைக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. மயிலம் வந்தது. பேரணியில் எங்கள் பாசஞ்சர் நின்றபோது பிளாட்பாரத்தில் யாரும் இல்லை. எதிர்ப்பாதையில் ஒரு எக்ஸ்பிரஸ் நிற்காமல் கடந்து போனது. அது போய் முடியும்வரை பெட்டியின் தரை என் காலுக்குக் கீழே அதிர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எண்பதை நெருங்கிய கைகள். வேகம் குறைந்திருந்தாலும் நிற்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். யார் வந்தார், என்ன வைத்திருக்கிறார், எதற்கு அனுமதி கேட்கிறார் என்று ஒன்றையும் விடாமல் சொன்னேன். அம்மா உரித்துக்கொண்டே இருந்தாள். முறத்தில் தோல் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நன்றாகக் கேட்கும் வலது காதை என் பக்கம் திருப்பி, "போடு" என்றாள்.

முதலில் ரீங்காரம் எழுந்தது. "இன்னாடி சத்தம் இது?" என்றாள். "மில்லு மோட்டாரும்மா." அதன் மேல் டிரம் நடந்து வந்தது, கிட்டார்கள் வந்தன, தாழ்ந்த, எந்தக் கட்டையிலும் உட்காராத அந்தச் சுதியில். பிறகு அண்ணன் பாடினான். என் காதுக்குள் எத்தனையோ ஆண்டுகளாக மேலே மேலே நின்றுகொண்டிருந்த உலகம் முழுவதும் அந்த இடத்தில் தன் சுதிக்கு இறங்கி உட்கார்ந்தது. அவனுக்கு வயதாகவில்லை. அவனுக்குப் பின்னால் வாசித்தவர்களின் விரல்களுக்கு வயதாகிவிட்டிருந்தது, அது கேட்டது. இளைஞன் ஒருவன் முன்னால் ஓட, மூன்று கிழவர்கள் அவனை விட்டுவிடாமல் பின்னாலேயே வருவது போல இருந்தது. அம்மாவின் கையில் உரிபடாத ஒரு மல்லாட்டை இருந்தது. அவள் அதை அழுத்தவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

மோட்டார் தளர்ந்தது, நெல் தீர்ந்துவிட்டது. மூவரும் அந்தக் காலத்தைப் போலவே சட்டென்று நிறுத்திவிட்டார்கள். அண்ணன் நிறுத்தவில்லை. யாரும் இல்லாத அந்த நிசப்தத்தில் இன்னும் ஒரு வரியைத் தனியாகப் பாடினான். அதற்கு மேல், தூரத்திலிருந்து, மில் முதலாளியின் குரல்: "டேய்! மோட்டாரு நின்னு எவ்ளோ நேரம் ஆவுது, ஊரே கேக்குதுடா!" அண்ணன் சிரித்தான். சிரிப்பின் நடுவே டேப் முடிந்தது.

"நகமெல்லாம் சுத்தமா இருக்கும்டி அவனுக்கு" என்றாள் அம்மா. எனக்குப் புரியவில்லை. "மில்லுல வேல செய்யறவன் கைய பாத்திருக்கியா? நகக்கண்ணுல, முழங்கை மடிப்புல தவிடு ஊறிக் கெடக்கும். தேச்சாலும் போவாது. இவன் சட்டைல மட்டும்தான் தவிடு. எங்கியோ பக்கத்துல நின்னுக்கினு வர்றான்னு மொத நாளே தெரியும். எடது கையி வெரலு நுனியெல்லாம் காச்சுப்போய் இருக்கும். உங்கப்பன் நொய்யக் கொண்டாந்து மிஷினு ரிப்பேருன்னு கத சொன்னாரு பாரு, அதையும் காச்சித்தான் ஊத்துனேன்."

"அப்பறம் ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"சந்தோஷமா வந்துக்கினு இருந்தான். கேட்டா நின்னுபோயிடுமேன்னுதான்." கையிலிருந்த மல்லாட்டையை அப்போதுதான் முறத்தில் போட்டாள். "கேட்டிருந்தா வூட்லயே உக்காந்து பாடுடான்னு சொல்லியிருப்பேன். அங்க போயிருக்க மாட்டான். அந்தத் தண்ணி குடிச்சிருக்க மாட்டான். அத யாருகிட்ட போய்ச் சொல்றது? அந்தப் புள்ளைங்க எதுக்க வந்து நின்னாங்க. அவங்க மேல போட்டுட்டேன்."

அடுப்பில் எரிந்த கேசட்டுகளை நான் நினைத்துக்கொண்டேன். அப்பா ஒளித்து வைத்ததை அவள் தேடாமலே போய் எடுத்து வந்ததை, அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் புரிந்துகொண்டேன். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நாங்கள் மூவரும் கஞ்சிக்கு மேல் குனிந்திருந்தோம். எங்கள் மகிழ்ச்சி கலைந்துவிடாமல் காவல் காத்தவள் அவள். ஒவ்வொரு மாலையும் தவிட்டை அவ்வளவு ஓங்கி உதறியது அக்கம்பக்கம் பார்த்து நம்புவதற்காக.

"போடச் சொல்லு" என்றாள் அம்மா. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "கடசில அந்த மனுசன் திட்டுறாரே, அத வெட்டிடப் போறாங்க. வெட்டக் கூடாதுன்னு சொல்லு. அந்தப் புள்ளைக்கி அவுங்கப்பன் கொரலு அதுல மட்டுந்தான இருக்குது" என்றாள். மூவரையும் ஒருநாள் சாப்பிட வரச் சொன்னாள். என்ன சமைப்பது என்று நான் கேட்டதற்கு, "நொய்க் கஞ்சிதான். வேற இன்னா?" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

மில்லுக்காரப் பிள்ளையிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வாரமே பத்தாவது பாட்டு வெளிவந்தது. முடிவு திடீரென்று வெட்டுப்பட்டுப் போகிறது, பதிவில் கோளாறா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். டி-ஷர்ட் போட்ட மாணவன், பாடுவது யார் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான். அம்மா பின்வாசல் பக்கம் முறத்தைக் கொண்டுபோய் மல்லாட்டைத் தோலைப் புடைக்கிறாள். அங்கே இப்போது டியூப் லைட். அதன் வெள்ளை வெளிச்சத்தில் தூசி எழுந்து சற்று நேரம் நிற்கிறது, பிறகு அடங்குகிறது. அந்தப் பாட்டில் கேட்கும் இரண்டு குரல்களுக்கும் உரியவர்கள் இன்று இல்லை. வாசித்த மூவர் இருக்கிறார்கள். கேட்பதற்கு அம்மாவும் நானும் இருக்கிறோம்.